செயின்ட் லூயிஸ்: இந்தச் சதுர பீட்சாவை எப்படித்தான் சாப்பிடுகிறீர்கள்?

மாட்டுத்தாவணி எழுதியது:

வணக்கம். ஆறு வருடம் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டு, வேலை மாறி செயின்ட் லூயிஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது. வீடு கிடைத்தது, பையனுக்கு நல்ல பள்ளி கிடைத்தது, இந்தியக் கடையில் பொன்னி அரிசியும் கிடைத்துவிட்டது. பீட்சாதான் கிடைக்கவில்லை.

வந்த முதல் வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில் ஒருவர் "எங்கள் ஊர் பீட்சாவைச் சாப்பிட்டே ஆக வேண்டும்" என்று அடித்துச் சொன்னதால் ஒரு கடையில் ஆர்டர் செய்தோம் (கடை பெயர் வேண்டாம், அவர்கள் தப்பா என் தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை). வீடு வந்து சேர நாற்பது நிமிடம். பெட்டியைத் திறந்தால் வட்டமான பீட்சாவை மைசூர்பாகு மாதிரி சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அடியில் இருப்பது ரொட்டியா என்றால் இல்லை. மேலே வெள்ளையாக ஏதோ ஒன்று, இழுத்தால் நூல் வரவில்லை, ஆனால் பல்லில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. என் பையனுக்கு எட்டு வயது, ஒரு துண்டு தின்றுவிட்டு "அப்பா, இது நமத்துப்போன அப்பளத்தில் சீஸ் தடவினது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். மிச்சத்தை நானும் மனைவியும் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம், பொய் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் அம்மா மதுரையிலிருந்து வருகிறார், மூன்று மாதம் இருப்பார். கறி மீன் கிடையாது, முட்டையும் தொட மாட்டார். மனைவி கோழி மட்டும். நான் எல்லாம். நாங்கள் இருப்பது மேற்கே செஸ்டர்ஃபீல்டு பக்கம், அரை மணி நேரம் கார் ஓட்டத் தயார். பிரியாணி, தோசைக் கடைப் பட்டியல் ஏற்கெனவே வாட்ஸாப்பில் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள், அது வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் போய்ச் சாப்பிடுகிற இடங்கள் வேண்டும். முக்கியமாக, நல்ல பீட்சா உண்டா இல்லையா?

---

கூவம்_டு_மிசிசிப்பி எழுதியது:

நியூ ஜெர்சி வாய் இன்னும் போகவில்லை உங்களுக்கு. நானும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன்தான், முதல் ஒரு வருடம் இந்த பீட்சாவைக் கண்டால் எரிச்சலாக வரும். இப்போது ஊருக்குப் போய்த் திரும்பினால் விமான நிலையத்திலிருந்து நேராக அங்கேதான் வண்டியை விடுகிறேன்.

விஷயம் இதுதான். செயின்ட் லூயிஸ் பீட்சா மாவில் ஈஸ்ட் கிடையாது. அதனால் உப்பாது, மெத்தென்று இருக்காது, தேய்த்துச் சுட்டால் உப்பு பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பாக வரும். அந்தக் கனத்துக்கு முக்கோணமாக வெட்டினால் முனை ஒடிந்து விழும், சதுரம்தான் கையில் நிற்கும். மேலே போடுவது புரோவெல். செடார், சுவிஸ், புரோவலோன் சேர்த்துச் செய்யும் பதப்படுத்திய சீஸ். குறைந்த சூட்டிலேயே உருகிப் பாகாகிவிடும், மொஸரெல்லா மாதிரி நூல் இழுக்காது. இழுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதைப் போடுகிறார்கள், ஒரு கடியில் சுத்தமாகத் துண்டாக வேண்டும். கெட்ட குணம் ஒன்றுண்டு, ஆறினால் மெழுகு. நீங்கள் சாப்பிட்டது அந்த மெழுகைத்தான். நாற்பது நிமிடம் அட்டைப்பெட்டிக்குள் ஆவியில் வெந்திருக்கிறது. முறுகல் தோசையை ஹாட்பாக்ஸில் போட்டு மூடிவிட்டு, முறுகல் இல்லை என்று மாஸ்டரைத் திட்டுவதா?

எனவே முதல் பாடம், இதை வீட்டுக்கு வரவழைக்காதீர்கள். கடையில் உட்காருங்கள், சின்னதாக ஒன்று சொல்லுங்கள், வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். இன்னும் பசித்தால் இன்னொன்று. ஓரத்துத் துண்டுக்கு வீட்டில் சண்டை வரும், பரவாயில்லை. இந்த வகையை ஊர் முழுக்கக் கொண்டுபோனது ஐமோஸ்தான், 1964-இல் எட், மார்ஜி ஐமோ தம்பதி ஆரம்பித்தது. எட் ஐமோ அதற்கு முன் டைல்ஸ் பதிக்கிற வேலை செய்தவர், அந்தக் கைப்பழக்கத்தில்தான் சதுரமாக வெட்டினார் என்று இங்கே சொல்வார்கள். இன்று அது பெரிய சங்கிலிக் கடை, நூறு கிளைக்குக் கிட்டே இருக்கும், ஆனால் எல்லாம் இந்த வட்டாரத்திலும் சுற்றுப்புறத்திலும்தான். அது பிடித்தால் அப்புறம் சின்னச் சின்னக் கடைகளைத் தேடுங்கள். லெமே பக்கம் மான்டே பெல்லோ என்று 1950-லிருந்து ஒரு கடை இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் யார் வீட்டு அடித்தளத்திலோ நுழைகிற மாதிரி இருக்கும்.

இனி தி ஹில். ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கு ஒதுக்குங்கள். செங்கல், களிமண் சுரங்க வேலைக்காக வந்த இத்தாலியர்கள் உட்கார்ந்த இடம், முதலில் லொம்பார்டிக்காரர்கள், பிறகு சிசிலிக்காரர்கள். இன்றும் தெருவோரத் தீயணைப்புக் குழாய்களில் பச்சை, வெள்ளை, சிவப்பு அடித்து வைத்திருக்கிறார்கள். பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு யோகி பெர்ரா வளர்ந்த எலிசபெத் அவென்யூ இங்கேதான். எனக்கு பேஸ்பால் ஏறவில்லை, கால்பந்துதான், அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது வேறு: 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று அமெரிக்கா தோற்கடித்ததே, அந்த அணியில் நாலு பேர் இந்தத் தெருக்காரர்கள். கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி உட்பட.

அங்கே ஜோயாஸ் டெலி என்று ஒன்று, எழுத்தைப் பார்த்து வேறு மாதிரி படித்துவிடாதீர்கள், ஜோயாஸ்தான். 1918-இல் தொடங்கியது, சூடான சலாமி சாண்ட்விச்சுக்குப் பெயர் போனது, 2017-இல் ஜேம்ஸ் பியர்டு விருதுக்காரர்கள் இதை அமெரிக்காவின் கிளாசிக் கடைகளில் ஒன்றாக அறிவித்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக் கடை, இரவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். சலாமி என்றால் கடையில் வாங்கும் வட்ட வட்டமான காய்ந்த துண்டு நினைவுக்கு வரும், இது அதில்லை, வெந்து மெத்தென்று கையால் பிய்க்கிற பதத்தில் இருக்கும். இது உங்களுக்கு மட்டும், அம்மாவுக்கு இல்லை.

டோஸ்டட் ராவியோலியும் (ராவியோலி என்றால் உள்ளே பூரணம் வைத்த பாஸ்தா) இந்தத் தெருக்களில் பிறந்ததுதான். டோஸ்ட் என்று பெயர், செய்வதென்னவோ பிரெட் தூள் புரட்டி எண்ணெயில் பொரிப்பது. 1940-களில் யாரோ தவறுதலாக எண்ணெயில் போட்டதில் உண்டானது என்று கதை. எந்தச் சமையலறை என்பதில்தான் தகராறு, இரண்டு மூன்று உணவகங்கள் எங்களுடையது என்கின்றன. நான் அதில் தலையிடுவதில்லை, எல்லா இடத்திலும் சாப்பிட்டு விடுகிறேன்.

புரோவெல் வேண்டவே வேண்டாம் என்றால் யூனியன் லோஃபர்ஸ். பொட்டானிக்கல் கார்டனுக்குக் கொஞ்சம் வடக்கே, டவர் குரோவ் அவென்யூவில். ரொட்டிக் கடை, சாயங்காலம் பீட்சா போடுவார்கள். மாவை ஊற வைத்துப் பக்குவப்படுத்தத் தெரிந்த கை, ஓரம் உப்பிக் கருகி, உள்ளே துளைத் துளையாக, நல்ல ஆப்பத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். கிளேட்டனில் பஸ்தாரியா, ஜெரார்டு கிராஃப்ட் என்ற சமையல்காரரின் கடை, விறகு அடுப்பு. குழந்தைகளோடு போக அதுதான் சுலபம். கிளேட்டன் உங்கள் பக்கத்திலிருந்து 40-இல் நேராக வரலாம். (வழி கேட்டால் இங்கே எல்லோரும் "ஃபார்ட்டி" என்பார்கள், பலகையில் 64 என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. நான் ஒரு மாதம் 40 எங்கே என்று தேடினேன்.)

---

ஆழ்தட்டு எழுதியது:

சிகாகோவுக்கு 300 மைல்தான். வண்டியை எடுங்கள், வந்து எங்கள் ஊர் டீப் டிஷ், ஆழமான தட்டில் சுடும் தடிமனான பீட்சா, சாப்பிடுங்கள். ஒட்டுகிற சீஸுக்கு எதற்கு இத்தனை பெரிய வக்காலத்து?

---

கூவம்_டு_மிசிசிப்பி எழுதியது:

ஆழ்தட்டு சார், உங்கள் ஊர்க்காரர்கள் வார நாளில் சாப்பிடுவது எது என்று நீங்களே சொல்லுங்கள். மெல்லிசாகத் தேய்த்து, மொறுமொறுவென்று சுட்டு, சதுரமாக வெட்டின டாவர்ன் பீட்சாதானே? டீப் டிஷ் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எடுக்கிற பட்டுப்புடவை. சீஸ் ஒன்றுதான் வித்தியாசம், மற்றபடி நாம் பங்காளிகள்.

---

வடைமாலை எழுதியது:

மாட்டுத்தாவணி அண்ணா, அம்மா வருகிறார் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன், மேலே அண்ணன் எழுதினதில் பாதி அவருக்கு ஆகாது. நான் பதினோரு வருடமாக இங்கே சைவம், அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

டோஸ்டட் ராவியோலி என்றால் பெரும்பாலும் உள்ளே மாட்டிறைச்சி. மெனுவில் இறைச்சி என்று எழுதியிருக்கவே மாட்டார்கள், ஏனென்றால் இந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று யாராவது எழுதுவார்களா? என் மாமியார் வந்திருந்தபோது ஒரு உணவகத்தில் "இத்தாலி சமோசா" என்று நானே ஆசையாக அவர் தட்டில் வைத்தேன். பாதி தின்ற பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சீஸ் வைத்த ராவியோலி சில இடங்களில் உண்டு, கேட்டு வாங்குங்கள், வெளியே பூசுகிற பிரெட் தூளுக்கு முட்டை தொடுவார்களா என்றும் கேளுங்கள். மரினாரா என்றால் தக்காளிதான், "மீட் சாஸ்" ஊற்றிவிடப் போகிறார்கள், தனிக் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள்.

இனிப்புக்கு வந்தால் இந்த ஊரின் இரண்டு பெருமையிலும் முட்டை இருக்கிறது. கூயி பட்டர் கேக், முட்டை. டெட் ட்ரூஸ் கஸ்டர்ட், ஐஸ்கிரீம் என்று நினைத்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், கஸ்டர்ட் என்றாலே மஞ்சள் கரு சேர்ந்ததுதான். பையனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், சிப்பேவா தெருவில், பழைய ரூட் 66 போன வழி. "கான்கிரீட்" என்று கேட்டால் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டித் தருவார்கள், ஒரு சொட்டு கீழே விழாது. எட்டு வயசுக்கு அது போதும், பள்ளியில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பான். நடுக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துப் போங்கள். டிசம்பரில் அதே இடத்தில் கிறிஸ்துமஸ் மரம் விற்பார்கள்!

அம்மாவுக்கு பீட்சா வேண்டும் என்றால் சவுத் கிராண்டில் பீட்சா ஹெட். முழுக்க சைவக் கடை, நியூயார்க் மாதிரி பெரிய முக்கோணத் துண்டு, அதில் உங்கள் குறையும் தீரும். மிளகாய்த்தூள் கையில் எடுத்துப் போங்கள், அங்கே இருக்கிற சிவப்பு மிளகாய்ச் செதில் நம் அம்மாக்களுக்கு வாசனைக்குக்கூடக் காணாது. சீஸில் ரென்னெட் (பாலைத் திரிக்கச் சேர்ப்பது, பல சீஸ்களில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்தது) பார்க்கிறவர் என்றால் எல்லா இடத்திலும் தனியாகக் கேளுங்கள், பார்மஜானை முக்கியமாக. அசல் பார்மஜான் கன்றுக்குட்டி ரென்னெட் இல்லாமல் கிடையாது.

---

பனங்கொட்டை எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இங்கே தெற்கு நகரில் இருக்கிறேன். பீட்சாவைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை, அந்தச் சண்டையை நீங்களே பிடியுங்கோ. ஆனால் இந்த ஊரின் ருசி இத்தாலித் தெருவில் மட்டும் இருக்கிறது என்று நினைத்தால் பிழை.

பெவோ பக்கம் வாங்கோ. 90-களில் போஸ்னியாச் சண்டையில் தப்பி வந்த சனம் அங்கேதான் குடியேறியது, இன்றைக்கு அமெரிக்காவிலேயே போஸ்னியர் கூடுதலாக இருக்கிற ஊர் இது என்று சொல்வார்கள். சரயேவோவில் இருக்கிற செபில் என்ற மர நீரூற்று மண்டபத்தின் நகல் ஒன்றை கிராவாய் வீதியில் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் முதல் தரம் அதற்குப் பக்கத்துக் கடை ஒன்றுக்குள் போனபோது கல்லாவில் இருந்த மனுசி எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை, கோப்பியைத் தந்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார். அதுக்குப் பிறகு மாதம் இரண்டு தரமாவது அந்தப் பக்கம் போகாமல் இருக்க ஏலாது.

சாப்பிட வேண்டியது செவாப்பி, விரல் அளவு மாட்டிறைச்சிக் கபாப், மெத்தென்ற ரொட்டிக்குள்ளே வெங்காயத்தோடு. அம்மாவுக்கு பீட்டா. காகிதம் மாதிரி மாவை இழுத்து, சுருட்டி, வட்டமாகச் சுற்றிச் சுடுவது. இதில் கவனம்: புரெக் என்று கேட்டால் போஸ்னியர்களுக்கு அது இறைச்சி வைத்ததுதான். சீஸ் வைத்தது சிர்னிட்சா, அதில் முட்டை சேர்ப்பது வழக்கம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் மிளகும் மட்டும் வைத்தது க்ரொம்பிருஷா, உங்கள் அம்மாவுக்கு அதுதான் தோது. ஆனாலும் கேட்டு வாங்குங்கோ. சில கடைகளில் முழு வட்டமாக வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேணும்.

வெப்ஸ்டர் குரோவ்ஸில் பால்கன் ட்ரீட் பாக்ஸ் என்று ஒன்று, வண்டியில் விற்றுத் தொடங்கிப் பிறகு கடை ஆனது. பீடே கிடைக்கும், தோணி மாதிரி நீளமாக, ஓரம் மடித்து, விறகு அடுப்பில் சுட்டது. பீட்சாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

வியட்நாம் சாப்பாட்டுக்கு மை லீ, பிரெண்ட்வுட்டில், கார் நிறுத்துகிற கட்டடத்தின் கீழ்த் தளத்தில் இருக்கிறது, தேடிக் களைத்துத் திரும்பி விடாதேயுங்கோ. 1985-இல் தொடங்கினது, இந்த ஊரின் முதல் வியட்நாம் கடை. மெனு ஒரு புத்தகம். மீன் சோஸ் இல்லாததைக் கேட்டெடுக்க வேணும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் தனியாக இருக்கிற நாளில் மட்டும். ஏதாவதொரு பழைய சீனப் பார்சல் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஓடர் எடுக்கிற கடை, செயின்ட் பால் சாண்ட்விச் கேளுங்கோ. பொரித்த முட்டை அடையை வெள்ளைப் பாணுக்கு நடுவில் வைத்து, மயோனைஸ், ஊறுகாய் வெள்ளரி, சலாது இலை. பெயர் செயின்ட் பால், பிறப்பு இந்த ஊர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சரியான ருசி.

---

மாட்டுத்தாவணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒரு மாதம் கழித்து வந்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அம்மா வந்துவிட்டார், அந்த ஓட்டம்.

அம்மா வருவதற்கு முன்பே சதுர பீட்சாவை மறுபடி முயன்றோம், இந்த முறை கடையிலேயே உட்கார்ந்து. பையன் முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தட்டு வந்தது, ஓரத்துத் துண்டு ஒன்றை எடுத்து உடைத்தான், சத்தம் கேட்டது. பிறகு பேச்சே இல்லை. ஒன்பது துண்டு தின்றான். நான் இன்னும் முழுதாக மனம் மாறவில்லை, சாஸ் எனக்குக் கொஞ்சம் இனிக்கிறது, ஆனால் நான் திட்டினது பீட்சாவை அல்ல, அட்டைப்பெட்டியை என்று ஒத்துக்கொள்கிறேன்.

யூனியன் லோஃபர்ஸ் போனோம். மனைவி அங்கேயே ஒரு முழு ரொட்டி வாங்கி, வரும் வழியில் காரிலேயே பாதி காலி. ஆப்பம் உவமை சரியாகத்தான் இருந்தது.

பனங்கொட்டை அண்ணன் சொன்ன க்ரொம்பிருஷா பெவோவில் வாங்கினோம், முட்டை இல்லை என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டு. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "உருளைக்கிழங்குப் போளியை யாரோ சுருட்டிப் போட்டிருக்கிறான், மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போடலாம்" என்றார். இது எங்கள் அம்மா வாயிலிருந்து வந்தால் பத்துக்குப் பத்து. இப்போது வாரா வாரம் கேட்கிறார். வடைமாலை தங்கச்சி, பீட்சா ஹெட்டுக்கு மிளகாய்த்தூள் எடுத்துப் போகச் சொன்னீர்களே, அம்மா எடுத்து வந்தது இட்லிப் பொடி. மேசையில் தூவிச் சாப்பிட்டார், பக்கத்து மேசைக்காரப் பையன் என்ன என்று கேட்டு வாங்கித் தூவிக்கொண்டான். கான்கிரீட்டும் ஆயிற்று, கோப்பையைக் கவிழ்த்தபோது அம்மாதான் பதறிக் கையை நீட்டினார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இந்தப் புரோவெல் தனியாக எங்கே கிடைக்கும்? பையன் தோசை மேல் போட்டுத் தரச் சொல்கிறான்.

---

கூவம்_டு_மிசிசிப்பி எழுதியது:

ஷ்னக்ஸ், டியர்பெர்க்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் இரண்டிலும் சீஸ் இருக்கும் வரிசையில் பாருங்கள். கயிறு கயிறாகத் திரித்தது ஒன்று இருக்கும், தோசைக்கு அதுதான் சரி. கல்லை அணைத்துவிட்டுப் போடுங்கள், இருக்கிற சூட்டிலேயே உருகிவிடும். அம்மா பூஜையறையில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.